போலீஸ், கோர்ட்டுப் பதிவுகளைக் கேட்டுப் பெறுவது எப்படி?



நம் வீட்டுப் பெட்டியில் என்னென்ன தாள்களைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்? பிறப்புப் பத்திரம் இருக்கும். மணப்பதிவுச் சான்று இருக்கும். பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள் இருக்கும். ஆனால், என்றோ ஒரு நாள் பாலாய்க்குப் போய்க் கொடுத்த ரிப்போர்ட்டின் நகல் இருக்கிறதா? கோர்ட்டில் கிடைத்த உத்தரவின் நகல் இருக்கிறதா? பல வீடுகளில் இருப்பதில்லை. "அதெல்லாம் போலீசில் இருக்கும், கோர்ட்டில் இருக்கும், நமக்கு எதற்கு?" என்று இருந்துவிடுகிறோம். தேவை வரும் நாளில்தான் அந்தத் தாளின் அருமை தெரிகிறது. இன்றைய பேச்சில், பினாங்கு மாநிலத்தில் இருக்கும் நாம் போலீஸ் பதிவையும் நீதிமன்றப் பதிவையும் எப்படிக் கேட்டுப் பெறலாம் என்பதைப் பார்ப்போம்.

முதலில், அது எதற்காக வேண்டும்? ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம். சுங்கை பாக்காப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். குடும்பத் தலைவர் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் புறப்படுகிறார். பெரிய சாலையில் லாரி மோதி, மருத்துவமனையில் இறந்துவிடுகிறார். வீட்டில் மனைவி, படிக்கும் பிள்ளைகள் மூவர், வயதான தாயார். அழுது தீர்ந்த பிறகு அந்த அம்மாவின் முன்னால் இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று, சமூகப் பாதுகாப்பு நிறுவனமாகிய பெர்கேசோ. வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தையும் 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வேலை விபத்தாகவே கருதுகிறது. தொழிலாளி இறந்தால் அவரை நம்பியிருந்தவர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. மற்றொன்று, லாரிக்காரர் மீதான இழப்பீட்டு வழக்கு. இந்த இரண்டு கதவுகளுக்கும் சாவி தாள்தான். விபத்து எங்கே நடந்தது, எத்தனை மணிக்கு நடந்தது, எந்த வண்டி மோதியது, யார் மீது தவறு என்பதை வாயால் சொன்னால் போதாது. பதிவு பேச வேண்டும்.

அந்தப் பதிவைத் தேட நமக்குக் காலமும் அளவில்லாமல் கிடைப்பதில்லை. 1956-ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்தின்படி, இறந்தவரை நம்பியிருந்த குடும்பத்தார் தொடுக்கும் வழக்கை, இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் தொடுத்துவிட வேண்டும். அரசாங்கத்தின் மீதோ, கடமையில் இருந்த அரசாங்க அதிகாரியின் மீதோ வழக்கென்றால் 36 மாதங்கள். துக்கத்தில் ஓராண்டு போய்விடும். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்பதில் இன்னோர் ஆண்டு போய்விடும். மூன்றாம் ஆண்டில் ரிப்போர்ட் எண் தெரியாமல் பாலாய் பாலாயாக அலைவோம். ஆகவே, உரிமை இருப்பது மட்டும் போதாது. காலத்தில் கேட்க வேண்டும்.

இப்பொழுது போலீஸ் ரிப்போர்ட்டுக்கு வருவோம்.

ரிப்போர்ட் கொடுக்கும் நாளிலேயே பாதி வேலை முடிந்துவிடும், நாம் கவனமாக இருந்தால். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? நாம் வாய்மொழியாகச் சொல்வதை எழுத்தில் பதிய வேண்டும். பதிந்ததை நமக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகே நாம் கையெழுத்திட வேண்டும். நாட்டின் எந்த இடத்தில் நடந்த குற்றமானாலும் அதைப் பற்றிய தகவலைப் பெற்றுக்கொள்வது ஒவ்வொரு போலீஸ்காரரின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. எனவே, "இது எங்கள் பாலாய்க்குச் சேர்ந்ததல்ல" என்று திருப்பி அனுப்பப்பட்டால், பணிவாக, ஆனால் உறுதியாக, இதை எடுத்துச் சொல்லலாம்.

ரிப்போர்ட் மலாய் மொழியில் எழுதப்படும். நம் தோட்டத்துப் பெரியவர்கள் பலர் பேச்சு மலாய் அறிந்தவர்கள். எழுத்து மலாய் அப்படியல்ல. ஆகவே, படிக்கத் தெரிந்த மகனையோ மகளையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். தமிழில் சொல்லி, மற்றொருவர் மொழிபெயர்த்தால், மொழிபெயர்த்தவரின் பெயரும் ரிப்போர்ட்டில் பதியப்பட வேண்டும். அதற்கென்றே தாளில் இடம் இருக்கிறது. படித்துக் காட்டும்போது தேதி, நேரம், வண்டி எண், இடத்தின் பெயர் ஆகிய நான்கையும் கவனித்துக் கேளுங்கள். பிழை இருந்தால் கையெழுத்திடும் முன்பே சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு பிழை தெரிந்தால், நகலின் மேல் பேனாவால் திருத்தாதீர்கள். மீண்டும் சென்று, முந்தைய ரிப்போர்ட்டின் எண்ணைக் குறிப்பிட்டு, இன்னொரு ரிப்போர்ட் கொடுங்கள்.

அங்கேயே ஒரு நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ரிப்போர்ட் எண் இருக்கும். அந்த எண்ணில் பாலாயின் பெயர், வரிசை எண், ஆண்டு என்ற மூன்றும் சேர்ந்திருக்கும். அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வையுங்கள். விசாரணை அதிகாரியின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். ஆனால், பாலாய் முகப்பில் அழுவதால் தாள் கிடைத்துவிடாது. எண்ணைச் சொன்னால் கிடைக்கும்.

ரிப்போர்ட்டைக் கொடுத்தவர் நாம் அல்ல, வேறொருவர் என்றால் என்ன செய்வது? நம் எடுத்துக்காட்டில், விபத்தைப் பற்றி லாரி டிரைவர்தான் ரிப்போர்ட் கொடுத்திருப்பார். விபத்தில் சம்பந்தப்பட்ட டிரைவர் 24 மணி நேரத்துக்குள் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் விதி. அந்த ரிப்போர்ட்டை நாம் கேட்கலாமா? கேட்கலாம். 1977-இல் குவாந்தான் போலீசைப் பற்றிய ஒரு வழக்கில் நம் கூட்டரசு நீதிமன்றம் இதற்கு வழி காட்டியிருக்கிறது. முதல் தகவல் ரிப்போர்ட் ஒரு பொது ஆவணம். அந்த விஷயத்தில் சம்பந்தம் உள்ளவருக்கு அதைப் பார்க்கும் உரிமை உண்டு. ஆகவே நகல் பெறும் உரிமையும் உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 76-ஆம் பிரிவும் இதனோடு சேர்ந்தது. பார்க்கும் உரிமை உள்ளவர் கட்டணம் செலுத்திக் கேட்டால், பொது ஆவணத்தை வைத்திருக்கும் அதிகாரி நகல் கொடுக்க வேண்டும். நகலின் அடியில், "இது உண்மையான நகல்" என்று எழுதி, தேதி, தம் பெயர், பதவி ஆகியவற்றோடு கையெழுத்திட வேண்டும். இதைத்தான் சான்றுறுதி நகல் என்கிறோம். மலாயில் 'சாலினான் டிசாஹ்கான்'. வக்கீலும் நீதிமன்றமும் பெரும்பாலும் கேட்பது இந்த நகலைத்தான்.

இங்கே முக்கியமான சொல் 'சம்பந்தம்'. ஊர் வம்புக்காகப் பக்கத்து லயத்துக்காரரின் ரிப்போர்ட்டைக் கேட்க முடியாது. நாம் யார், அந்த விஷயத்தில் நமக்கு என்ன சம்பந்தம் என்பதைக் காட்ட வேண்டும். இறந்தவரின் மனைவி என்றால் ஐ.சி., மணப்பதிவுச் சான்று, இறப்புச் சான்று ஆகியவற்றின் நகல்கள் வேண்டும். மகன் என்றால் பிறப்புப் பத்திரம் வேண்டும். மற்றொருவருக்காகப் போகிறோம் என்றால் அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் வேண்டும்.

சாலை விபத்தில் ரிப்போர்ட் மட்டும் போதாது. மேலும் மூன்றைக் கேட்க வேண்டும். ஒன்று, விபத்து நடந்த இடத்தின் வரைபடமும் அதன் விளக்கமும். இதை 'ராஜா காசார்' என்பார்கள். இரண்டு, வண்டிகளின் படங்கள். மூன்று, விசாரணையின் முடிவு; யார் மீது தவறு கண்டார்கள், யாருக்குச் சம்மன் கொடுத்தார்கள் என்பது இதில்தான் தெரியும். இவற்றை, விபத்து நடந்த மாவட்டத்தின் போலீஸ் போக்குவரத்துப் பிரிவில் கேட்க வேண்டும். நிபோங் தெபாலில் நடந்த விபத்துக்குப் பாலம் கடந்து, ஜார்ஜ்டவுனில் பினாங்கு ரோட்டில் இருக்கும் மாநிலப் போலீஸ் தலைமையகம்வரை அலைய வேண்டியதில்லை. வேலை விபத்து என்றால் தோட்ட நிர்வாகத்திலும் உடனே சொல்லிவிடுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் பொறுப்பு. கிராணியிடம் வாயால் சொன்னதோடு நிற்காமல், ஒரு கடிதமும் கொடுத்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள்.

"ரிப்போர்ட் கொடுத்தோம், மாதக்கணக்காகிறது, ஒரு தகவலும் இல்லை" என்று மனம் வெறுத்துப் பேசுவோரைக் கேட்டிருக்கிறோம். இதற்கும் சட்டத்தில் வழி உண்டு. 2007 முதல் நடப்பில் உள்ள 107ஏ பிரிவின்படி, ரிப்போர்ட் கொடுத்தவர், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கலாம். ரிப்போர்ட் கொடுத்து நான்கு வாரங்கள் ஆகியிருக்க வேண்டும். குற்றம், வாரண்டு இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். விசாரணைக்கோ வழக்குக்கோ ஊறு செய்யும் எதையும் கேட்கக்கூடாது. இப்படிக் கேட்டால், ரிப்போர்ட் கொடுத்த பாலாயின் பொறுப்பதிகாரி இரண்டு வாரங்களுக்குள் நிலை அறிக்கை கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லையென்றால் அரசாங்கத் தலைமை வழக்குரைஞரிடம் அதைத் தெரிவிக்கலாம். கைநாட்டு வைப்பவருக்கும் இந்த உரிமை ஒன்றுதான். வாயால் கேட்டால் காற்றோடு போகும். எழுதிக் கேட்டால் தேதி நிற்கும். அந்தத் தேதியிலிருந்துதான் இரண்டு வாரத்தை எண்ண முடியும்.

போலீசில் எல்லாத் தாளும் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. சாட்சிகளின் வாக்குமூலங்கள், விசாரணை அதிகாரியின் நாட்குறிப்பு போன்றவற்றைப் பொதுவாகக் கொடுக்கமாட்டார்கள். சாட்சி சொன்னவருக்கு மிரட்டல் வராமல் காப்பதும் சட்டத்தின் கடமை அல்லவா? ஆனால், ஒருவர் மீதே குற்றம் சாட்டப்பட்டிருந்தால் நிலைமை வேறு. விசாரணை தொடங்கும் முன்பே முதல் தகவல் ரிப்போர்ட்டின் நகலையும், தங்கள் தரப்புச் சான்றாக வைக்கப்போகும் ஆவணங்களின் நகல்களையும் அரசுத் தரப்பு அவருக்குக் கொடுக்க வேண்டும். இது 51ஏ பிரிவு. நம் பிள்ளை ஒருவன் குற்றக்கூண்டில் நிற்க நேர்ந்தால், முதலில் கேட்க வேண்டியது இந்தத் தாள்களை.

அடுத்து, நீதிமன்றப் பதிவுகள்.

ஜார்ஜ்டவுன், லைட் ஸ்ட்ரீட்டில் பெரிய தூண்களோடு நிற்கும் நீதிமன்றக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். பினாங்கில் நீதிமன்றம் அமைக்கும் சாசனம் 1807-இல் வழங்கப்பட்டது. மறு ஆண்டு நீதிமன்றம் திறக்கப்பட்டது. அந்த வட்டாரத்தில், 1869-இல் மறைந்த ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்ற வழக்கறிஞருக்கு நினைவுச் சின்னமும் இருக்கிறது. வெள்ளையர் அல்லாத சாதாரண மக்களின் உரிமைக்காக வாதாடியவர் என்பதால் பினாங்கு மக்கள் அவரைப் போற்றினார்கள். கட்டடத்தின் உயரத்தைப் பார்த்து நாம் மிரள வேண்டியதில்லை. அதனுள்ளே பதிவகம் என்று ஓர் அலுவலகம் உண்டு. நமக்கு வேண்டியது அதன் முகப்புதான்.

முதல் கேள்வி, எந்த நீதிமன்றம்? வழக்கு எங்கே நடந்ததோ அங்கேதான் அதன் கோப்பு இருக்கும். ஸ்பிராங் பிறையில் பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், ஜாவி ஆகிய இடங்களில் கீழ் நீதிமன்றங்கள் இருக்கின்றன. அங்கே நடந்த வழக்கின் தாளுக்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஜார்ஜ்டவுனுக்குப் போய்த் திரும்பி வருவது வீண். ஆனால் மணமுறிவு உயர் நீதிமன்றத்து விஷயம். மேல்முறையீடும் அங்கேதான் போகும். அவற்றுக்கு லைட் ஸ்ட்ரீட்டுக்கே போக வேண்டும். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

இரண்டாம் கேள்வி, எந்த வழக்கு? வழக்கு எண், இரு தரப்பாரின் பெயர், தீர்ப்பு நாள் ஆகிய மூன்றும் வேண்டும். வழக்கு எண்ணில் எழுத்துகளும் எண்களும் கலந்திருக்கும். ஒன்றையும் விடாமல் அப்படியே எழுதுங்கள். சம்மன் தாள், ஜாமீன் தாள், அபராதம் கட்டிய ரசீது, வக்கீலின் கடிதம் ஆகியவற்றில் அந்த எண் இருக்கும்.

மூன்றாம் கேள்வி, எந்தத் தாள்? "எல்லாத் தாளும் வேண்டும்" என்று கேட்டால் பக்கத்துக்குப் பக்கம் கட்டணம் ஏறும். வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். சிவில் வழக்கில், 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின்படி, வழக்கைத் தொடங்கிய மனுவையும், தீர்ப்பையும், உத்தரவையும் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம், நகல் பெறலாம். மற்றத் தாள்களுக்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். குற்ற வழக்கில், தீர்ப்பால் பாதிக்கப்படுபவர் உத்தரவையும், சாட்சியக் குறிப்புகளையும், பதிவின் பிற பகுதிகளையும் கேட்கலாம் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 429-ஆம் பிரிவு. கட்டணத்தை நீதிமன்றம் முடிவு செய்யும். தகுந்த காரணம் இருந்தால் இலவசமாகவும் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. கையில் பணம் இல்லாதவர், தம் வருமானத்தையும் நிலைமையையும் கடிதத்தில் எழுதி அப்படிக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

நம் எடுத்துக்காட்டில், லாரி டிரைவர் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குற்றச்சாட்டுத் தாளும், அவர் ஒப்புக்கொண்டதைக் காட்டும் குறிப்பும், தண்டனை உத்தரவும் அந்த அம்மாவின் இழப்பீட்டு வழக்குக்குப் பலமான சான்றுகள். அவர் பதிவகத்துக்கு எழுதும்போது, இறந்தவரின் மனைவி என்பதையும், இழப்பீடு கோரப் போவதையும் தெளிவாக எழுத வேண்டும்.

தண்டனை பெற்றவரின் குடும்பத்துக்கும் ஒரு வார்த்தை. மாஜிஸ்திரேட், செஷன்ஸ் நீதிமன்றங்களின் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 14 நாட்களே உண்டு. "தீர்ப்பின் நகல் கிடைக்கட்டும், பிறகு பார்ப்போம்" என்று காத்திருந்தால் நாள் கடந்துவிடும். முதலில் மேல்முறையீட்டு அறிவிப்பைக் கொடுத்துவிட வேண்டும். பதிவுகள் பின்னால் வரும்.

மணமுறிவு பெற்ற பெண்கள் பலர் உத்தரவின் நகலை வாங்காமலே இருந்துவிடுகிறார்கள். மறுமணப் பதிவுக்கும், பிள்ளையின் பராமரிப்புப் பணத்துக்கும் அந்தத் தாளே ஆதாரம். முதலில் வரும் உத்தரவு முடிவானதல்ல. முடிவான உத்தரவு என்று தனியாக ஒன்று உண்டு. இரண்டாவதைக் கேட்டு, நீதிமன்ற முத்திரையோடு வாங்குங்கள். அடி உதைக்கு அஞ்சிப் பாதுகாப்பு உத்தரவு பெற்ற சகோதரிகள் அதன் நகல் ஒன்றை எப்போதும் தங்களிடம் வைத்திருக்க வேண்டும். நம்பிக்கையான உறவினரிடமும் ஒன்று இருக்கட்டும்.

விண்ணப்பக் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். மலாயில் எழுதுங்கள். மேலே உங்கள் பெயர், ஐ.சி. எண், முகவரி, தொலைபேசி எண். யாருக்கு? பாலாய் என்றால் பொறுப்பதிகாரிக்கு; கோர்ட்டு என்றால் பதிவதிகாரிக்கு. பிறகு ரிப்போர்ட் எண் அல்லது வழக்கு எண். அடுத்து, எந்தத் தாளின் நகல், எத்தனை நகல். அடுத்து, உங்களுக்கு என்ன சம்பந்தம், எதற்காக வேண்டும். கடைசியில் தேதி, கையெழுத்து. இரண்டு பிரதி கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் 'பெற்றுக்கொண்டோம்' என்ற முத்திரையையும் தேதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் கட்டினால் ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாத பணம் கட்டணம் அல்ல.

சிலர், பினாங்கில்தான் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறதே, அதைக் கொண்டு கேட்கலாமே என்பார்கள். 2010-ஆம் ஆண்டின் பெயரில் அப்படியொரு மாநிலச் சட்டம் உண்டு. மாநில அரசு இலாகாக்களிடமும் நகராண்மைக் கழகங்களிடமும் உள்ள தகவலுக்கு அது உதவும். போலீசும் நீதிமன்றமும் கூட்டரசைச் சேர்ந்தவை. ஆகவே, அந்தப் பாரம் இங்கே செல்லாது.

மருத்துவமனை வாசலிலும் கோர்ட்டு வாசலிலும், "எல்லாத் தாளையும் நானே எடுத்துத் தருகிறேன், இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்று வருபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்திடாதீர்கள். மூலத் தாள்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். உதவி வேண்டுமானால் முறையான இடங்கள் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்காக, 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகா இயங்குகிறது. ஜார்ஜ்டவுனில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கிறது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தையும், தமிழிலேயே குறை கேட்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையும் அணுகலாம். பாலாயில் காரணமில்லாமல் மறுத்தால், மாவட்டப் போலீஸ் தலைவருக்கு எழுதுங்கள். போலீசாரின் நடத்தை பற்றிய புகார்களுக்கு 2023 ஜூலை முதல் சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையமும் செயல்படுகிறது.

நேயர்களே, சொன்னவற்றைச் சுருக்கிப் பார்ப்போம். எண்ணைக் குறித்து வையுங்கள். சம்பந்தத்தைக் காட்டுங்கள். எழுதிக் கேளுங்கள். தேதியையும் ரசீதையும் வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, காலம் கடத்தாதீர்கள். பாலாயும் கோர்ட்டும் வைத்திருக்கும் பதிவுகளில் நம் வாழ்க்கையின் ஒரு பகுதியும் எழுதப்பட்டிருக்கிறது. அதன் நகலைக் கேட்பது யாசகம் அல்ல, உரிமை. இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுப் பெட்டியைத் திறந்து, பிள்ளைகளை உட்கார வைத்து, எந்தத் தாள் இருக்கிறது, எந்தத் தாள் இல்லை என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். இல்லாத தாளுக்கு நாளையே கடிதம் எழுதத் தொடங்கலாம்.